வசந்தச் சடங்கு, பாரிஸ், 1913 மே 29: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர் கூடி மேற்கத்திய இசை கேட்போம். ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ ஒலிக்கும் நாளில் எல்லாம் கேள்விகள் கிளம்பிவிடும். புதிதாக வருகிறவரும் அதையேதான் கேட்பார், மூன்றாவது தடவை கேட்டவரும் அதையேதான் கேட்பார். “முதல் நாள் அடிதடி ஆனதாமே” என்பதில் பேச்சு தொடங்கி அதிலேயே முடிந்தும் விடும். அன்று மேடையில் என்ன ஆடினார்கள் என்று கேட்கிறவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முக்கியம். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

இது பாட்டுக் கச்சேரியா, நாடகமா, நடனமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பாலே நடனம். பேச்சோ பாட்டோ கிடையாது. மேடையில் ஆடுவார்கள், மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் பெரிய இசைக்குழு வாசிக்கும். மொத்தம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பிரெஞ்சில் ‘லெ சாக்ர் து ப்ரென்தாம்’, ஆங்கிலத்தில் ‘தி ரைட் ஆஃப் ஸ்பிரிங்’.

இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் பழங்கால ருஷ்யாவின் குடிகள் வசந்தத்தை வரவேற்று மண்ணை வணங்குகிறார்கள். இரண்டாம் பகுதியில் இரவு. இளம்பெண்கள் வட்டமாகச் சுற்றி வர, அவர்களில் ஒருத்தி பலிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறாள். மூத்தோர் சூழ்ந்து நின்று பார்க்க, அவள் உயிர் போகும்வரை ஆடுகிறாள். கதை இவ்வளவுதான். காதலன், இளவரசி, மாயக்காரன் என்று யாரும் இல்லை.

யார் யார் சேர்ந்து செய்தது?

நடனக் குழு ‘பாலே ரூஸ்’. அதை நடத்தியவர் செர்கேய் தியாகிலெவ். அவர் ஆடவும் மாட்டார், இசையமைக்கவும் மாட்டார். யாரை யாரோடு சேர்த்தால் என்ன பிறக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய திறமை. இசை இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி, அப்போது அவருக்கு முப்பது வயது. நடன அமைப்பு வாஸ்லாவ் நிஜின்ஸ்கி. அவர் ஸ்ட்ராவின்ஸ்கியைவிடவும் சின்னவர். பாய்ந்தால் காற்றிலேயே நிற்கிறார் என்று ஐரோப்பா பேசிய ஆட்டக்காரர். உடை, திரைச்சீலை, கதையின் பாதி எல்லாம் ஓவியர் நிக்கோலஸ் ரோரிக். அன்று இசைக்குழுவை நடத்தியவர் பியேர் மோந்த்தூ. பலியாகும் பெண்ணாக ஆடியவர் மரியா பில்ட்ஸ். அந்த வேடம் முதலில் நிஜின்ஸ்கியின் தங்கை பிரோனிஸ்லாவாவுக்காக உருவானது. அவர் கருவுற்றதால் பில்ட்ஸுக்கு வந்தது.

யாருக்கு முதலில் தோன்றிய யோசனை?

1910இல் ‘தீப்பறவை’ பாலேயை எழுதி முடிக்கும் நேரத்தில், வட்டமாக உட்கார்ந்த முதியவர்கள் நடுவே ஒரு பெண் ஆடி ஆடி உயிர்விடும் காட்சி தன் மனத்தில் வந்தது என்று ஸ்ட்ராவின்ஸ்கி சொல்லியிருக்கிறார். உடனே அவர் தேடிப்போனது ரோரிக்கை. பழைய ஸ்லாவியர் வாழ்க்கையைத் தோண்டிப் படித்தவர் ரோரிக், அகழாய்வும் செய்தவர். 1911 கோடையில் தலாஷ்கினோ என்ற இடத்தில் இருவரும் உட்கார்ந்து காட்சிகளை வரிசைப்படுத்தினார்கள். இசையின் பெரும்பகுதி சுவிட்சர்லாந்தின் க்ளாரென்ஸில், ஒரு சின்ன அறையில் எழுதப்பட்டது.

1912 கோடையில் இதைப் பியானோவில் நாலு கைகளால் வாசித்துப் பார்த்தார்கள், ஒரு நண்பர் வீட்டில். ஒரு ஜோடிக் கை ஸ்ட்ராவின்ஸ்கியுடையது, இன்னொன்று பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியுடையது. அந்த அறையில் ஒரு மூலையில் உட்காரக் கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

ருஷ்யாவில் நிஜமாகவே இப்படிப் பெண்ணைப் பலி கொடுத்தார்களா?

வசந்த காலத்தில் வட்டமாகச் சுற்றி ஆடுவது, மண்ணை வணங்குவது, குழுக்களாகப் போட்டி விளையாட்டு, இவையெல்லாம் ஸ்லாவிய நாட்டு வழக்கத்தில் உள்ளவை. பெண் ஒருத்தி ஆடியே சாக வேண்டும் என்ற சடங்குக்குச் சான்று இல்லை. அது ஸ்ட்ராவின்ஸ்கியின் கற்பனை. ஆனால் அதைச் சுற்றி ரோரிக் வைத்த உடைகளும் சடங்குகளும் படித்தறிந்து வைத்தவை. கற்பனை உண்மை மாதிரித் தெரிவதற்கு அதுவே காரணம்.

அன்று எங்கே நடந்தது? எந்த மாதிரி அரங்கம்?

ஷான்ஸ் எலிஸே அரங்கம், பாரிஸின் மோந்தேன் அவென்யூவில் இருக்கிறது. இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. 1913 ஏப்ரலில்தான் திறந்தார்கள். புத்தம் புதுசு, கான்கிரீட்டில் கட்டியது. அதைக் கட்டி நடத்திய கப்ரியேல் அஸ்த்ருக் அந்த ஆண்டு முடிவதற்குள் திவாலாகிவிட்டார்.

நாள் மே 29, வியாழக்கிழமை. சரியாக ஓராண்டுக்கு முன், 1912 மே 29 அன்று, நிஜின்ஸ்கி அமைத்த முதல் பாலே அரங்கேறியிருந்தது. தியாகிலெவ் நாள், சகுனம் எல்லாம் பார்ப்பவர். அன்றிரவுக்கான டிக்கெட் விலையை இரட்டிப்பாக்கியும் கூட்டம் குறையவில்லை. நிகழ்ச்சியில் நாலு பாலேக்கள். ‘லே சில்ஃபீட்’ முதலில். வெள்ளை உடை, ஷோபனின் இசை, நிலா வெளிச்சம். அதை ரசித்துவிட்டு நிமிர்ந்த கூட்டத்துக்கு முன்னால்தான் அடுத்ததாக ‘வசந்தச் சடங்கு’ வந்தது.

கலவரம் நடந்தது உண்மையா, சும்மா கட்டிவிட்ட கதையா?

பெரும் கூச்சல் நடந்தது உண்மை. அதில் சந்தேகமே வேண்டாம். திரை விலகுவதற்கு முன்பே, இசை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே சிரிப்புக் கேட்டது. திரை விலகியதும் சிரிப்பு ஊளையாக மாறியது. பிடித்தவர்கள் பிடிக்காதவர்களைப் பார்த்துக் கத்தினார்கள், அவர்கள் திரும்பக் கத்தினார்கள். தியாகிலெவ் அரங்க விளக்குகளை அணைத்து அணைத்துப் போடச் சொன்னார், கூட்டம் அடங்கட்டும் என்று. அடங்கவில்லை.

ஆனால் ‘கலவரம்’ என்றதும் நம் மனத்தில் வருகிற படம் வேறு. நிகழ்ச்சி நிற்கவே இல்லை. மோந்த்தூ தலையைத் திருப்பாமல் கடைசி ஸ்வரம் வரை நடத்தி முடித்தார். அவருக்கு முதலைத் தோல் என்கிற மாதிரி ஸ்ட்ராவின்ஸ்கி பின்னால் வியந்திருக்கிறார். முடிந்ததும் கலைஞர்கள் மேடைக்கு வந்து வணங்கினார்கள். அப்புறம் இடைவேளை, அப்புறம் மீதி இரண்டு பாலேக்கள். அன்று சில்ஃபீட் பார்க்க வந்தவர் வீட்டுக்குப் போகும்போது ‘ரோஜாவின் ஆவி’யையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அப்படி என்ன கேட்டுவிட்டார்கள் அந்த இசையில்? எனக்கு இன்றைக்கு சினிமா பின்னணி இசை மாதிரித்தான் இருக்கிறது.

உங்கள் காது சொல்வது சரி. இந்த இசையிலிருந்து சினிமா இசையமைப்பாளர்கள் நூறு வருடமாக எடுத்துக்கொண்டே இருப்பதால் நமக்கு அது பழகிவிட்டது. 1913இல் பழகவில்லை.

தொடக்கம் ஒற்றைப் பஸூன். பொதுவாகக் கீழ்ஸ்தாயியில் கனத்து ஒலிக்கும் மரக்குழல் அது. இங்கே அது எட்டக்கூடிய உச்சியில், தொண்டையை இறுக்கிக்கொண்டு பாடுகிற மாதிரி வருகிறது. என்ன வாத்தியம் என்று தெரியாமல் பலர் விழித்தார்கள். இசைக்குழுவில் நூறு பேர் அளவுக்கு இருந்தார்கள். கொம்பு வாத்தியம் மட்டுமே எட்டு.

திரை விலகும் இடத்தில் தந்தி வாத்தியங்கள் எல்லாம் ஒரே சேர்க்கையை இடிக்கின்றன. இரண்டு வேறு சுருதிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்த சேர்க்கை, பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் உரசுகின்றன. அதே சேர்க்கை, அதே வேகம், மாற்றமே இல்லை. மாறுவது அழுத்தம் விழும் இடம் மட்டும். மேசையில் தட்டிப் பாருங்கள். சீராக 32 தட்டு, ஆதி தாளத்தில் நாலு ஆவர்த்தனம். அதில் 10, 12, 18, 21, 25, 30 ஆகிய தட்டுகளை மட்டும் ஓங்கித் தட்டுங்கள். மற்றதெல்லாம் ஒரே அளவு. இரண்டு முறை செய்தால் கை தடுமாறும், மூன்றாவது முறை உடம்பு தானாக முன்னால் சாயும். எங்கள் முன்னறையில் இதை எல்லாரும் சேர்ந்து செய்து பார்த்த அன்றுதான் ஒருவர், “ஓ, இது தாளம் தப்பியது இல்லை, தப்பிக்க விடாத தாளம்” என்றார். அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்போ கூச்சலுக்குக் காரணம் இசைதானே?

எல்லாப் புத்தகத்திலும் இப்படித்தான் வரும். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் சிரிப்பு இசைக்கு வந்தது, சரி. ஆனால் கூச்சல் உச்சத்துக்குப் போனது ஆட்டத்தைப் பார்த்து. கூச்சல் எழும்பிய பிறகு இசை பாதிப் பேருக்குக் காதிலேயே விழவில்லை. காதில் விழாத இசைக்கு எப்படி எதிர்ப்புக் காட்ட முடியும்?

ஒரு சான்று போதும். ஓர் இடத்தில் இளம்பெண்கள் தலையைச் சாய்த்துக் கன்னத்தில் கை வைத்து நிற்கிறார்கள். கூட்டத்திலிருந்து ஒரு குரல், “டாக்டரைக் கூப்பிடுங்கள்!” இன்னொரு குரல், “பல் டாக்டரை!” மூன்றாவது, “இரண்டு பல் டாக்டர்களை!” இது கண்ணால் பார்த்ததற்கு வந்த கேலி. இன்னொன்று: அடுத்த ஆண்டு, 1914 ஏப்ரலில், அதே பாரிஸில், அதே மோந்த்தூ, இதே இசையை நடனம் இல்லாமல் கச்சேரியாக நடத்தினார். முடிந்ததும் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஓர் ஆண்டுக்குள் இசை வென்றுவிட்டது. நடனத்துக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவே இல்லை.

ஆட்டத்தில் அப்படி என்ன தப்பு கண்டார்கள்? காலைத் தரையில் தட்டுவது ஒரு குற்றமா?

இந்தக் கேள்வியை நம் ஊரில்தான் கேட்பார்கள், நியாயமான கேள்வி. பரதம் பார்த்து வளர்ந்தவருக்குப் பாதம் தரையில் அறைவது இயல்பு, அந்தச் சத்தமே அழகு. பாலேயில் நேர் எதிர். அங்கே குதித்து இறங்கினால் சத்தம் வரக் கூடாது. தரையே இல்லாத மாதிரி இருக்க வேண்டும். விரல் நுனியில் நிற்பது எல்லாம் அதற்காகத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரைமண்டியில் முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் விரியும். பாலேயிலும் கால்கள் இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திரும்பித்தான் இருக்க வேண்டும், முதல் நாள் பாடமே அது. நிஜின்ஸ்கி அதை அப்படியே திருப்பிவிட்டார். பாதங்கள் உள்நோக்கி, கட்டைவிரல் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க, முழங்கால் மடங்க, முதுகு குனிய, கை முஷ்டியாக. அந்த நிலையிலிருந்து குதித்து முழுப் பாதத்தில் இறங்க வேண்டும். ஒவ்வொரு குதிக்கும் உடம்புக்குள் இருப்பதெல்லாம் குலுங்கியது என்று ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உடையும் லேசானதில்லை. கனத்த கம்பளித் துணி, அதில் கட்டமும் கோடுமாக வரைந்த கோலங்கள், தலையில் குல்லாய், நீண்ட பின்னல்.

பாலே வானத்தைப் பார்த்து இருநூறு வருடம் ஆடியது. நிஜின்ஸ்கி அதை மண்ணைப் பார்க்க வைத்தார். கதை மண்ணை வணங்குகிறவர்களைப் பற்றியது. அவர்கள் மண்ணைவிட்டு எழும்பி ஆடினால்தான் தப்பு. பாரிஸின் சீமாட்டிகளுக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. எனக்கு அது மிக நேர்மையான முடிவாகத் தெரிகிறது.

இத்தனை கஷ்டமான தாளத்தை ஆடுகிறவர்கள் எப்படிப் பிடித்தார்கள்?

எண்ணித்தான். நூறுக்கும் மேல் ஒத்திகை. ‘கணக்கு வகுப்பு’ என்று ஆடுகிறவர்களே அலுத்துக்கொண்டார்கள். தாளத்தை உடம்பில் ஏற்றும் தால்க்ரோஸ் முறையைப் படித்த மேரி ராம்பர்ட் என்ற இளம்பெண்ணை நிஜின்ஸ்கிக்கு உதவியாக அமர்த்தினார்கள். குழுவில் அவருக்கு ‘ரித்மிச்கா’ என்று பட்டப்பெயர்.

அரங்கேற்றத்தன்று கூச்சலில் இசை மேடைக்குக் கேட்கவில்லை. நிஜின்ஸ்கி மேடையின் பக்கத்தில் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று எண்களை உரக்கக் கத்தினார். பக்கத்தில் ஸ்ட்ராவின்ஸ்கி, அவர் விழுந்துவிடாமல் கோட்டின் வாலைப் பிடித்தபடி. ருஷ்ய மொழியில் பத்துக்கு மேல் எண்கள் நீளம். பதினேழுக்கு ‘செம்நாத்ஸத்’ என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அடி வந்துவிடும். இத்தனைக்கும் நடுவில் ஆட்டம் குலையாமல் கடைசிவரை போனது. அன்றைய ஆட்டக்காரர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் அவர்களைத்தான் முதலில் சொல்வேன்.

இதெல்லாம் தியாகிலெவ் விளம்பரத்துக்காகத் திட்டமிட்டதா?

பரபரப்பு வரும் என்று அவர் எதிர்பார்த்தார். வரவேண்டும் என்றும் விரும்பியிருப்பார். அன்றிரவு சாப்பாட்டின்போது “நான் விரும்பியது இதுதான்” என்று அவர் சொன்னதாக ஸ்ட்ராவின்ஸ்கி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பணக்காரர்களுக்கான மாட இருக்கைகளில் நகை போட்ட கூட்டம், மற்ற இடங்களில் புதுமை எதுவானாலும் கைதட்டத் தயாரான இளைஞர் கூட்டம். இந்த இரண்டையும் ஒரே கூரையின்கீழ் உட்கார வைத்தால் உரசல் வரத்தான் செய்யும்.

ஆனால் முந்தைய நாள், மே 28 அன்று, அழைக்கப்பட்டவர்களுக்கு முன் முழு ஒத்திகை நடந்தது. அது அமைதியாக முடிந்தது. ஸ்ட்ராவின்ஸ்கி இப்படி ஒன்று நடக்கும் என்று நினைக்கவே இல்லை. இசை தொடங்கிச் சிறிது நேரத்தில் சிரிப்புக் கேட்டதும் கோபத்தில் எழுந்து மேடைப் பின்புறத்துக்குப் போய்விட்டார். திட்டமிட்டவர் அப்படி எழுந்து போக மாட்டார்.

அன்று நேரில் பார்த்தவர்கள் எழுதியதை நம்பலாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே.

எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். பின்னால் இருந்தவர் பரவசத்தில் தன் தலையில் தாளம் போட்டார் என்று அமெரிக்க விமர்சகர் கார்ல் வான் வெக்டன் எழுதியது உலகப் புகழ் பெற்றது. அவர் போனது ஜூன் 2 அன்று நடந்த இரண்டாவது காட்சிக்கு. அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் எழுதியதும் அந்த இரண்டாவது காட்சியைப் பற்றித்தான். நள்ளிரவில் காரில் போகும்போது தியாகிலெவ் கண்ணீர்விட்டுப் புஷ்கின் கவிதை சொன்னதாக பிரெஞ்சு எழுத்தாளர் ழான் கொக்தோ ஒரு காட்சி எழுதினார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஸ்ட்ராவின்ஸ்கி மறுத்தார்.

அன்றே எழுதியதையும் பிறகு எழுதியதையும் தனித்தனியே வைத்துப் படியுங்கள். எனக்குப் பிடித்தது பிரெஞ்சு விமர்சகர் ழாக் ரிவியேர் அதே 1913 நவம்பரில் எழுதிய நீண்ட கட்டுரை. கூச்சலைப் பற்றி அல்ல, ஆட்டத்தைப் பற்றி யோசித்து எழுதிய ஒருவர் அவர். மனிதர் இன்னும் தனி மனிதராக ஆகாத காலத்தின் நடனம் என்று அதைப் புரிந்துகொண்டார்.

நிஜின்ஸ்கியின் நடனம் ஸ்ட்ராவின்ஸ்கிக்கே பிடிக்கவில்லையாமே?

எந்த ஆண்டு ஸ்ட்ராவின்ஸ்கியைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அரங்கேற்றம் முடிந்த சில வாரங்களில் எழுதிய கடிதத்தில், நிஜின்ஸ்கியின் அமைப்பு ஈடில்லாதது, சில இடங்கள் தவிர எல்லாம் நான் விரும்பியபடி இருந்தது என்கிறார். 1930களில் எழுதிய தன்வரலாற்றில், நிஜின்ஸ்கிக்கு இசையின் அரிச்சுவடியே தெரியாது என்கிறார். இடைப்பட்ட காலத்தில் அவருடைய இசை நடனமே இல்லாமல் உலகம் சுற்றியது, நிஜின்ஸ்கி மனநோயில் விழுந்து மேடையை விட்டிருந்தார், பதில் சொல்லும் நிலையில் இல்லை. நான் முதல் கடிதத்தைத்தான் நம்புகிறேன். அது கண் முன்னால் ஆட்டம் இருந்தபோது எழுதியது.

அந்த மூல நடனத்தை இன்று பார்க்க முடியுமா?

பாரிஸும் லண்டனும் சேர்த்து மொத்தமே எட்டு முறைதான் ஆடினார்கள். செப்டம்பர் 1913இல் நிஜின்ஸ்கி அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் ரொமோலா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். தியாகிலெவ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். 1920இல் பாலேயைத் திரும்ப மேடையேற்ற நினைத்தபோது பழைய அசைவுகள் யாருக்கும் முழுதாக நினைவில்லை. லியோனித் மஸ்ஸீன் புதிதாக அமைத்தார். மூலம் போய்விட்டது.

அதை மீட்க மிலிசென்ட் ஹாட்ஸன், கென்னத் ஆர்ச்சர் இருவரும் பல வருடம் உழைத்தார்கள். ராம்பர்ட் பியானோப் பிரதியின் ஓரத்தில் எழுதிய குறிப்புகள், அரங்கேற்ற நாட்களில் வலென்டீன் கிராஸ் வரைந்த கோட்டோவியங்கள், மிச்சமிருந்த உடைகள், விமர்சனங்கள், வயதானவர்களின் நினைவுகள். இவற்றை வைத்து இழை இழையாகக் கோர்த்தார்கள். 1987இல் ஜாஃப்ரி பாலே குழு லாஸ் ஏஞ்சலஸில் ஆடியது. பிறகு மரியின்ஸ்கி குழுவும் எடுத்து ஆடியது. அதன் ஒளிப்பதிவு கிடைக்கும். எல்லா அசைவும் நிஜின்ஸ்கியுடையது என்று சொல்ல முடியாது, ஊகித்து நிரப்பிய இடங்கள் உண்டு. ஆனால் உடையும் திரையும் கால்களின் திசையும் அந்த நாளுக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுபோகின்றன.

நம்ம நாட்டுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு, ரோரிக் வழியாக. இந்தப் பாலேக்கு உடை வரைந்த அதே ரோரிக் பிற்காலத்தில் இமயமலைக்கு வந்தார். குலு பள்ளத்தாக்கில் நக்கர் என்ற ஊரில் குடியிருந்து மலைகளை வரைந்துகொண்டே 1947இல் அங்கேயே காலமானார். அவர் மகன் ஸ்வெத்தஸ்லாவ் நடிகை தேவிகா ராணியை மணந்து பெங்களூருக்கு அருகில் வாழ்ந்தார்.

இன்னொரு இழை ருஷ்ய பாலே ஆட்டக்காரர் அன்னா பாவ்லோவா. தியாகிலெவின் முதல் பாரிஸ் பாலே பருவத்தில், 1909இல், ஆடியவர். பின்னாளில் ருக்மிணி தேவிக்குப் பாலேயில் ஆர்வம் மூட்டியவரும், உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்று திசை காட்டியவரும் அவர்தான். ஆனால் அவருக்கு இந்தப் பாலேயோடு தொடர்பு இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

எல்லாமே இவர்கள் சொந்தமாக உருவாக்கியதா, நாட்டுப்புற மெட்டு ஏதாவது உள்ளே இருக்கிறதா?

தொடக்கத்துப் பஸூன் மெட்டு ஒரு லிதுவேனிய நாட்டுப்பாடல். அச்சான ஒரு தொகுப்பிலிருந்து எடுத்தது. அது ஒன்றுதான் எடுத்தது என்று ஸ்ட்ராவின்ஸ்கி சொல்லிவந்தார். அவருடைய கையெழுத்துக் குறிப்பேடு வெளிவந்த பிறகு ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இன்னும் பல நாட்டு மெட்டுகள் உடைத்து, துண்டாக்கி, மாற்றி உள்ளே புதைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. இதனால் அவர் மதிப்புக் குறையாது. மேலே சொன்ன 32 தட்டு எந்த நாட்டுப்பாடலிலும் இல்லை.

முப்பது நிமிஷத்துக்கு மேல் பொறுமை இல்லை. எதையாவது ஒன்றை மட்டும் பார் என்றால் எதைப் பார்க்கட்டும்?

1987 மீட்டெடுப்பின் இரண்டாம் பகுதியைப் பாருங்கள். பெண்கள் வட்டமாகச் சுற்றுவார்கள். ஒருத்தி இரண்டு முறை தடுக்கி விழுவாள், அவள்தான் என்று தெரிந்துவிடும். அப்போது இசைக்குழு பதினொரு முறை ஒரே மாதிரி ஓங்கி அடிக்கும். எண்ணுங்கள், பதினொன்று.

அதன் பிறகு மற்றவர்கள் அவளைச் சுற்றிக் குதிப்பார்கள், மூத்தோர் கரடித்தோல் போர்த்தி வருவார்கள். இவ்வளவு நேரமும் அவள் அசைய மாட்டாள். பாதங்கள் உள்நோக்கி, ஒரு பக்கம் சாய்ந்த தலை, கண் எதையும் பார்க்காமல். மற்றவர்களைப் பார்க்காதீர்கள், அவளுடைய முழங்கால்களை மட்டும் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அவை நடுங்கத் தொடங்கும்.